கடைசிச் சீப்பின் லேபிள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. உன் ஊர்ச் செய்தி உனக்கு முன்னால் எனக்கு வந்துவிடுகிறது. ராணுவம் வானொலி நிலையத்தைப் பிடித்தது, ஜனாதிபதி ஹெலிகாப்டரில் தப்பியது, விடிவதற்குள் இன்னொருவர் பதவியேற்றது, எல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் பேப்பரில் ஏறின. வெளிநாட்டுப் பக்கத்துக்குத் தலைப்பு வைக்கிறவன் நான்தானே. உங்கள் பக்கம் தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் இதைக் கரண்டி அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பழக் கப்பலில் சமைக்கிற அந்த மனிதர் இல்லையென்றால் நீ ஒரு கரை, நான் ஒரு கரை என்று எப்போதோ போயிருப்போம்.

அன்றைக்கு ஆபீஸில் ஒரே கூத்து. எங்கள் ஆசிரியர் என் மேஜையில் ஒரு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். "உன் ஊர்ல இப்ப யாருப்பா ஜனாதிபதி? மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள மாறிட மாட்டாரே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். "உன் ஊருதானே, தலைப்பை நீயே வை" என்று தோளைத் தட்டினார். 'வாழைப்பழக் குடியரசில் மீண்டும் தோலுரிப்பு' என்று வைத்தேன். கைதட்டினார்கள் அக்கா. நான் இங்கே சேர்ந்ததிலிருந்து யாரும் எனக்காகக் கைதட்டியதில்லை.

அந்த வார்த்தை உனக்குப் புதிதாக இருக்கும். ஒரே ஒரு விளைச்சலை விற்றுப் பிழைக்கிற சின்ன நாட்டைக் கேலி செய்ய யாரோ ஒரு கதைக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்தது. நிலம், ரயில், துறைமுகம் எல்லாம் வெளியூர்க் கம்பெனி கையில் இருக்கும். நாற்காலியில் இருப்பவர் கம்பெனி சொன்னால் உட்காருவார், சொன்னால் எழுந்திருப்பார். அப்போது அதில் கம்பெனியின் மேல் ஒரு குத்தலும் இருந்தது. இப்போது குத்தல் போய்விட்டது, கேலி மட்டும் மிச்சம். ஆபீஸ் லிஃப்ட் நின்றுபோனால்கூட "இதென்ன வாழைப்பழக் குடியரசா?" என்கிறார்கள்.

தமாஷாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது அப்படி இல்லை. அந்தப் பழத்தை வீட்டுக்கு எடுத்துவந்தேன். சாப்பிட மனசு வரவில்லை, ஜன்னலோரம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. பேப்பர் நறுக்கு இதோடு இருக்கிறது. திட்டாதே.

உன் தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

திட்டாதே என்று நீயே எழுதிவிட்டால் ஆயிற்றா?

உன் தலைப்பை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டி அர்த்தமும் சொன்னேன். அவருக்குத் தன் பேரை எழுதவே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும், பேப்பரைக் கண்டால் அவ்வளவு மரியாதை. "பய கெட்டிக்காரன்தான், நாலு வார்த்தையில நம்ம கதையையே சொல்லிப்புட்டான்" என்று சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஏண்டா, அவர்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து பல்லைக் காட்ட வேண்டுமா? கைதட்டலுக்கு அவ்வளவு பஞ்சமா? இங்கே வா, நான் தட்டுகிறேன், முதுகில்.

உங்களுக்கு ஆட்சி மாறுவது தமாஷ். எங்கள் பேக்கிங் கொட்டகைச் சுவரில் ஆணி ஒன்றுதான் இருக்கிறது, ஜனாதிபதி படம் மட்டும் மாறும். இந்தத் தடவை புதுப் படம் அச்சாகி வரத் தாமதம். ஒரு வாரம் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தோம். அந்த வாரமும் பெட்டி ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றார்கள். தொட்டித் தண்ணீரில் சீப்புகளைக் கழுவி, காம்பில் வடிகிற பால் கறை போகத் தேய்த்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்கி அனுப்பிக்கொண்டே இருந்தோம். ஜனாதிபதியே இல்லாத நாட்டிலிருந்து உன் கடைக்குப் பழம் வந்திருக்கும். சுவையில் வித்தியாசம் இருந்ததா என்று உன் ஆசிரியரைக் கேள்.

இதைக் கேட்டுக்கோ. இங்கே நாங்கள் தோட்டத்துக்குள் இருக்கும்போதே பூச்சி மருந்து விமானம் தலைக்கு மேல் வந்து தெளித்துவிட்டுப் போகிறது. குலை வெட்டுகிறவர்கள் மூன்று பேர் மேனேஜரிடம் போய், "ஆளுங்க வெளிய வந்தப்புறம் தெளிங்க சார்" என்று கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். புது ஆட்சி வந்த நேரம், வாயைத் திறந்தவன் எல்லாம் சதிகாரன். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை. அதில் ஒருத்தரின் மனைவி என் பக்கத்தில் நின்று லேபிள் ஒட்டுகிறவள். குள்ளச்சி என்று கூப்பிடுவோம்.

மறுநாளும் அவள் வேலைக்கு வந்தாள். வராவிட்டால் வேலை போய்விடும். எங்கோ நினைப்பில் ஒரு லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள். பிரிக்கப் போனவளைத் தடுத்து, "விடுடி, அப்படியே போகட்டும்" என்றேன். அன்றிலிருந்து எங்கள் மேஜைப் பெண்கள் எல்லோரும் பெட்டிக்கு ஒன்று, கடைசிச் சீப்பில் தலைகீழாக ஒட்டுகிறோம். அவர்கள் மூன்று பேரும் திரும்பி வரும்வரை ஒட்டுவது என்று பேச்சு. சூப்பர்வைசர் பார்த்தாலும் கை தவறியது என்றுதான் நினைப்பான். இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்காதே. ஒன்றும் ஆகாது. எங்களுக்குத் தெரியும், அது போதும்.

உன் ஊர்க் கடையில் கண்ணில் பட்டால் நீயும் பார்த்துக்கோ. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா, அக்கா, அக்கா!

பார்த்துவிட்டேன். எங்கள் தெருமுனைக் கடையில். உன் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் போய்ப் பழக் கூடையைப் புரட்டுவேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே பழம்தாங்க, என்னத்தத் தேடுறீங்க?" என்றார். அப்போதுதான் கையில் அகப்பட்டது. எல்லாச் சீப்பிலும் லேபிளில் இருக்கிற பச்சைக் கிளி நேராக நிற்கிறது, இதில் மட்டும் தலைகீழாகத் தொங்குகிறது. அங்கேயே அழுதுவிட்டேன். பாவம், அந்த மனிதர் பயந்துபோய் விலையில் பாதி குறைத்துக்கொடுத்தார்.

நீ திட்டியது எனக்கு உறைத்தது. வெறுமனே மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? அதனால் எழுதினேன். ஆசிரியர் முன்னால் அந்தச் சீப்பை வைத்து, இவ்வளவு நாள் எதைப் பார்த்துச் சிரித்தோம் தெரியுமா என்று கேட்டேன். முழுப் பக்கம் கொடுத்தார். மருந்து விமானம், மூன்று பேர், வெறும் ஆணி, தலைகீழ்க் கிளி, எல்லாம் எழுதினேன். பேப்பர் வந்த அன்று ஆசிரியர் எழுந்துவந்து, "அன்னிக்கு அந்தப் பழத்தை வச்சிருக்கக் கூடாதுப்பா" என்றார். இனி இந்த ஆபீஸில் ஒருவனும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான்.

பயப்படாதே. உன் பேர், ஊர்ப் பேர், தோட்டத்துப் பேர் எதுவும் போடவில்லை. உன் தம்பி அவ்வளவு முட்டாள் இல்லை. கிளியின் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டோம். அதன் காலடியில் இருக்கிற பொடி எழுத்துகூடத் தெரிகிற மாதிரி அருமையாக அச்சாகியிருக்கிறது. அத்தானுக்குக் காட்டு. குள்ளச்சி அக்காவிடம் சொல், கடல் தாண்டி அவள் கணவருக்காக ஜனங்கள் பேசுகிறார்கள் என்று.

இப்போதாவது கைதட்டுவாயா?

உன் தம்பி


ஏப்ரல் 28

தம்பி,

உன் கடிதத்துக்கு முன்னால் உன் படம் வந்துவிட்டது.

கம்பெனி ஆட்கள் இரண்டு பேர், கூடவே ராணுவம். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தார்கள். கிளியின் காலடியில் சிவப்பு மையால் வட்டம். அந்தப் பொடி எழுத்து எங்கள் கொட்டகையின் எண். பெட்டி அழுகிப்போனால் யார் சம்பளத்தில் பிடிப்பது என்று தெரிய வேண்டாமா, அதற்காகக் கம்பெனி போட்டு வைத்தது. உனக்கு அது தெரியாது. நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதவில்லை. அதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

லேபிள் மேஜைப் பெண்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். "வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டது யாரு? சொல்லிட்டா மத்தவங்க வேலையைப் பாக்கலாம்" என்றான் ஒருத்தன். குள்ளச்சி என் கையைப் பிடித்திருந்தாள். நான் ஒரு அடி எடுத்து வைக்கப் போனேன். அதற்குள் வாசலில் சத்தம். உன் அத்தான் தோளில் குலையோடு வந்தவர் அதை மெதுவாக இறக்கி வைத்தார். இந்த நேரத்திலும் பழம் அடிபடக் கூடாது என்று பார்த்து வைத்தார்.

"நான்தாங்க. என் மச்சினன் அங்க பேப்பர்ல இருக்கான். நான்தான் எழுதிப் போட்டேன்" என்றார்.

எழுதிக் காட்டு என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லையே தம்பி. ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் போதும்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று அவர் பார்வையிலேயே இருந்தது. எடுத்து வைக்கப் போன காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஜீப்பில் ஏறும்போது "சாயங்காலம் கூரையில ஒழுகுற இடத்தைப் பாரு" என்றார். மழைக்காலமே இல்லை. உன் கடிதங்களை அங்கேதான் செருகி வைத்திருந்தேன்.

விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ இனி ஒரு வரி எழுதக் கூடாது. பேப்பரில் இன்னொரு தடவை வந்தால் அவரை விட மாட்டார்கள். உன் கைதட்டல் போதும்.


மே 19

அக்கா,

என்னைத் தம்பி என்று ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறாயே என்று கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீழே அக்கா என்று நீ எழுதவில்லை.

அந்தக் கிளியை நான்தான் பெரிதாக்கச் சொன்னேன். சின்னதாகவே போடலாம் என்றார் பேப்பரில் படம் வைக்கிறவர். நான்தான் இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்று பக்கத்தில் நின்றேன்.

என்னைத் திட்டு, ஆனால் இதைக் கேள். இங்கே ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார், இப்படிப் பிடிபட்டவர்களுக்காகவே வேலை செய்கிறவர். "பேர் வெளிய தெரிஞ்ச கைதி மேல கை வைக்க யோசிப்பாங்க. பேரில்லாதவங்களைத்தான் காணாமப் போகச் செய்வாங்க" என்கிறார். ஆசிரியர் முதல் பக்கம் தருகிறேன் என்கிறார், அத்தான் பேரோடு, படத்தோடு. எழுதினால் பிழைப்பாரா, எழுதாவிட்டால் பிழைப்பாரா? எனக்குத் தெரியவில்லை. முன்னே மாதிரி உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். நீ சரி என்று ஒரே வார்த்தை அனுப்பு. நாளைக்கே அச்சில் ஏற்றுகிறேன்.

போன வாரம் இந்த நாட்டுச் சட்டசபையில் ஒருவர் மேஜையைத் தட்டி, "நம்ம நாடு என்ன வாழைப்பழக் குடியரசா?" என்று கத்தினார். ஏதோ வரிப் பிரச்சினை. சபையே ஆரவாரம் செய்தது. அதற்குத் தலைப்பு வைக்க என்னிடம்தான் வந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது வேறு யாரோ வைத்து முடித்திருந்தார்கள். ஆபீஸில் இப்போது என் முன்னால் யாரும் சிரிப்பதில்லை. பாவம் என்று பார்க்கிறார்கள். சிரித்தபோதாவது கோபப்பட முடிந்தது.

சீக்கிரம் பதில் போடு. கரண்டி அண்ணன் கப்பல் இங்கே திரும்பும் நாளில் துறைமுகத்திலேயே நிற்பேன்.

உன் தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

வேண்டாம்.

உன் வக்கீல் அம்மா நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் சிறை வாசலில் நிற்பது நான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். பார்க்க விடுவதில்லை. ஆனால் துவைத்த துணி கொண்டுபோனால் வாசல் காவலாளி வாங்கிக்கொள்கிறான். அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போன வாரம் கொடுத்தேன். கையில் ஒரு கிழிசல் இருந்தது, வேறு நிற நூலில் தைத்திருக்கிறேன், அதைப் பார்த்தால் என் தையல் என்று கண்டுகொள்வார், சிரிப்பார். துணியை வாங்குகிறார்கள் என்றால் போட்டுக்கொள்ள ஆள் உள்ளே இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நீ எழுதினால் அந்தத் துணியையும் வாங்க மாட்டான். எனக்கு இருக்கிறது அது ஒன்றுதான்.

பெண்கள் என்மேல் கோபமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். குள்ளச்சி தினமும் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, "தின்னு, நீ விழுந்துட்டா ஞாயித்துக்கிழமை யாரு போறது?" என்கிறாள். தலைகீழாக ஒட்டுவதை நிறுத்திவிட்டோம்.

உன்மேல் கோபம் போகவில்லை. போனதும் எழுதுகிறேன். சாப்பிடாமல் கிடக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், கரண்டி அண்ணன் கப்பல் ஏறப்போகிறார். செய்தி இப்போதுதான் வந்தது. ஆட்சி விழுந்துவிட்டது! ஆபீஸில் யாரோ பழைய பழக்கத்தில் "மறுபடியுமா?" என்று சிரித்தான். நான் எழுந்து நின்று அவனைக் கட்டிக்கொண்டேன். மிரண்டுபோனான். செய்தியின் கடைசி வரியில், அரசியல் கைதிகளுக்காகச் சிறைகளைத் திறந்தார்கள் என்று இருந்தது. இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு அரசாங்கம் கவிழ்ந்ததற்கு நான் மட்டும்தான் இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நீ சொன்னபடி ஒரு வரிகூட எழுதவில்லை. அத்தான் வந்துவிட்டாரா? அவர் காலில் விழ வேண்டும். வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி


செப்டம்பர் 21

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

சிறையைத் திறந்த அன்று ஊரே வாசலில் நின்றது. நானும் குள்ளச்சியும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீங்கள் சிரிக்கிற அந்த நாள்தான் எங்களுக்குக் கதவு திறக்கிற நாள், அதை உன் ஆசிரியரிடம் சொல். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். தாடியும் எலும்புமாக இருந்தார்கள், யாரையும் அடையாளம் தெரியவில்லை. அப்போது நீலக் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். தோளைத் தொட்டுத் திருப்பினேன்.

அது குள்ளச்சியின் கணவர்.

பின்னாலேயே ஓடிவந்த குள்ளச்சி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அந்தச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு தைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வார்டர் குடுத்தாரு அக்கா, யாரோ வேண்டாம்னு விட்டதுன்னாரு" என்றார் அவர். உன் அத்தானை உள்ளே பார்த்தீர்களா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அவரை நாங்க பாக்கவே இல்லையே" என்றார். சட்டையைக் கழற்றப் போனார். "போட்டுக்கோங்க, குளிரும்" என்று சொல்லிவிட்டேன்.

சிறை ஆபீஸுக்குள் போய்க் கேட்டேன். புது அதிகாரி, மரியாதையான மனிதர்தான். நாற்காலி போட்டார். பதிவேட்டை முழுக்கப் புரட்டிவிட்டு, "இந்தப் பேர்ல யாரையும் இங்க கொண்டுவரலைம்மா" என்றார். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். "அது முந்தின ஆட்சிம்மா" என்றார். எல்லாத் துணியையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்ட காவலாளி இன்னும் அதே வாசலில்தான் நிற்கிறான். அவனை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இனி அவர் வர மாட்டார். கையால் எழுதிவிட்டேன், இன்னும் வாயால் சொல்லிப் பார்க்கவில்லை.

நீ உன்னையே அடித்துக்கொண்டு கிடப்பாய் என்று தெரியும். அந்தப் படத்தைப் போட்டது நீ. ஆனால் எழுதாதே என்று உன் கையைக் கட்டியது நான். பேரைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று படுத்தால் எழுந்தால் அதே நினைப்புதான். தெரியவே போவதில்லை. நீ ஒருத்தனே சுமக்காதே, இதில் பாதி என்னுடையது. உன்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்டால், அதைத் தேடிப் பார்க்கக்கூடத் தெம்பில்லை. நீ ஒருத்தன்தான் எனக்கு இருக்கிறாய்.

கொட்டகையில் லேபிள் ஒட்ட மெஷின் வந்துவிட்டது. இனிமேல் கடையில் கூடையைப் புரட்டாதே. எல்லாக் கிளியும் நேராகத்தான் நிற்கும். சுவரில் புதுப் படமும் மாட்டிவிட்டார்கள்.

அதனால் இப்போது எழுது. பயப்பட இனி ஒன்றும் இல்லை. ஆட்சி, கம்பெனி, விமானம் எல்லாம் கீழே எங்கேயாவது எழுதிக்கோ. அந்த வார்த்தை மட்டும் எங்கேயும் வரக் கூடாது. அவர் பேரை முழுசாகப் போடு, அவர் அப்பா பேரோடு சேர்த்து. பதிவேட்டில்தான் இல்லை என்றுவிட்டார்கள். அச்சடித்து வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. அவர் தன் பேரை எழுத்துக்கூட்டிப் படிப்பாரே, அதே மாதிரி நான் ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும்.

தலைப்பு வைக்கிறவன் நீதானே. தலைப்பில் அவர் பேரை மட்டும் வை.

அக்கா